உடைகல் போன வழி

மதுரைத் திருநகரில் வீடு கட்டும் மனையில் முதலில் வந்து இறங்குவது உடைகல். லாரியில் யூனிட் கணக்கு. ஒரு யூனிட் 100 கன அடி. ஒரு கன அடிக் கருங்கல் ஏறத்தாழ 75 கிலோ இருக்கும். மேலூர்ப் பக்கம் அறுத்து மெருகேற்றிக் கப்பலேறிய கிரானைட்டுக்கு இது ஏழைப் பங்காளி.

கொத்தனார் இதை அஸ்திவாரத்திலிருந்து பேஸ்மட்டம் வரை அடுக்கிக் கட்டுவார். உள்ளே கிராவல் கொட்டி, தண்ணீர் விட்டு, திமிசுக் கட்டையால் இடிப்பார்கள். வீட்டின் அடிப்பகுதி என்றுதான் நாம் நினைக்கிறோம். அது சின்னதாக ஒரு தடுப்புச் சுவர். உள்ளே அடைபட்ட மண் நாலு பக்கமும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. மூன்றடி உயரம்தானே, கல் அசைந்துகொடுப்பதில்லை.

இதே கல் கண்மாய்க்கும் போகிறது. திருநகருக்குப் பக்கத்துத் தென்கால் கண்மாய் போன்ற ஏரிகளில், கரையின் தண்ணீர்ப் பக்கச் சரிவில் அலைக்கல் பதிப்பது பழைய வழக்கம். பெரும்பாலும் சாந்து வைப்பதில்லை. செலவை மிச்சம் பிடிக்க மட்டுமல்ல. கண்மாய் மளமளவென்று வற்றும்போது கரைமண்ணுக்குள் ஏறியிருக்கும் நீர் திரும்பி வெளியேற வேண்டும். இடுக்கை அடைத்தால் அந்த நீரே கல்லைத் தள்ளிவிடும்.

சுவரைத் தள்ளும் மண்ணுக்குக் கணக்குப் போட்டவர் கூலோம். மின்னியலில் பெயர் பெற்ற அதே கூலோம்தான். அதற்கு முன் மார்ட்டினிக் தீவில் கோட்டை கட்டிய பிரெஞ்சு ராணுவப் பொறியாளர். 1773இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் இதுபற்றி ஆய்வுரை அளித்தார். சுவரின் உயரம் இரட்டித்தால் தள்ளுவிசை நான்கு மடங்கு. கவிழ்க்கும் திறன் எட்டு மடங்கு. மூன்று மீட்டர் சுவருக்குப் பின்னால் காய்ந்த மண் என்றால், மீட்டர் நீளத்துக்குச் சுமார் 2.7 டன் தள்ளும். அதே மண்ணில் மேல்வரை நீர் தேங்கினால் கிட்டத்தட்ட 6 டன். அதில் நாலரை டன் தண்ணீருடையது. ஆகவே தடுப்புச் சுவரில் கல்லைவிடக் கசிவுத் துளைதான் முக்கியம் என்பேன். பின்னால் ஜல்லி நிரப்பி, சுவரில் பி.வி.சி. குழாய்த் துண்டுகளைச் சொருக எவ்வளவு செலவாகிவிடும்?

கடலோர நகரங்களில் மண் தள்ளும் என்பதைத்தான் மறக்கிறார்கள். பள்ளமான மனையை நாலடி மண் கொட்டி உயர்த்துகிறார்கள். அதைத் தாங்கும் வேலையைக் காம்பவுண்ட் சுவரிடம் ஒப்படைக்கிறார்கள். காற்றையும் ஆட்டையும் தடுக்கக் கட்டிய ஹாலோ பிளாக் அது; மண் தாங்கத் தெரியாது. கான்கிரீட்டில் கட்டினாலும் உப்பு விடாது. கடல் சாரல் படும் கான்கிரீட்டில் கம்பியை 50 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும், தரம் எம்35க்குக் குறையக்கூடாது என்கிறது இந்தியத் தர விதி 456. துருப்பிடிக்கக் கம்பியே இல்லாத கல்சுவருக்கு அந்தக் கவலை கிடையாது. இடத்தைத்தான் அதிகம் பிடிக்கும்.

உடைகல்லின் பயணம் முடிவது கடலில். புதுச்சேரிக்கு மதுரைக் கல் போவதில்லை, அங்கே திருவக்கரைப் பக்கமே குவாரிகள் உண்டு. ஆனால் வேலை ஒன்றுதான். 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத் தடுப்புகள் எழுந்தன. தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கேயே நின்றுபோனது. நகரத்தின் கடற்கரை கரைந்தது. கல் கொட்டினார்கள். கல் நகரத்தைக் காத்தது, மணலைத் திருப்பித் தரவில்லை. கல்வரிசை முடிந்த இடத்தில் அரிப்பு தொடங்கியது: சோலைநகர், அதைத் தாண்டித் தமிழ்நாட்டு எல்லையில் தந்திராயன்குப்பம், கோட்டக்குப்பம். ஒவ்வோர் ஊரும் தன் பங்குக்குக் கல் கேட்டது.

பிறகு தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் வேறு வழி பார்த்தது. தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஆப்பு வடிவ எஃகுத் திட்டு ஒன்றை 2018 வாக்கில் அமிழ்த்தினார்கள். அலை அங்கே வேகம் இழந்தது. மணல் திரும்பி வந்து, கற்களுக்கு முன்னால் சேரத் தொடங்கியது.