கொட்டி (நீர்த்தாவரம்)

கொட்டி என்பது குளங்களிலும் குட்டைகளிலும் வளரும் கிழங்குடைய நீர்த்தாவரம் ஆகும். இது கொட்டிக்கிழங்கு எனவும் அழைக்கப்படுகிறது. இதன் அறிவியற் பெயர் அபோனோகெட்டன் நாடன்சு. இந்தியாவும் இலங்கையும் இதன் தாயகங்களுள் அடங்கும்.

வகைப்பாடு

லின்னேயசு இதனைச் சௌருரசு என்னும் பேரினத்தில் வைத்திருந்தார். எங்கிளர், கிரவுசு ஆகியோர் 1906 இல் தற்போதைய பேரினத்துக்கு மாற்றினர். இதன் குடும்பத்தில் இவ்வொரு பேரினம் மட்டுமே உள்ளது.

அடையாளம் காணல்

மிதக்கும் இலைகள் நீண்டு குறுகியவை. அடிப்பகுதி வட்டமாகவோ இதய வடிவிலோ இருக்கும். நீருக்கு மேல் எழும் காம்பின் நுனியில் ஒற்றைக் கதிராகச் சிறு பூக்கள் நெருங்கி அமையும். இவை வெண்மை அல்லது இளஞ்சிவப்பு கலந்த ஊதா நிறமுடையவை. ஒவ்வொரு பூவிலும் பொதுவாக 2 இதழ்களும் 6 மகரந்தத்தாள்களும் உண்டு.

ஆம்பல், நெய்தல் ஆகியவற்றின் இலைகள் அகன்று, ஆழ்ந்த பிளவுடையவை. அவற்றின் பூக்கள் பல இதழ்களுடன் தனித்து மலரும். நெருங்கிய இனமான அபோனோகெட்டன் கிரிசுப்பசின் இலைகள் பெரும்பாலும் நீருள் மூழ்கி, அலை போன்ற விளிம்புடன் காணப்படும். எனவே கிழங்கைத் தோண்டாமலேயே இலையையும் கதிரையும் கொண்டு கொட்டியை இனங்காணலாம்.

வாழிடம்

ஆழமற்ற, வண்டல் படிந்த, பருவகால நீர்நிலைகள் இதற்கு ஏற்றவை. தாமிரபரணியின் பழவூர் அணைக்கட்டிலிருந்து பிரிந்து மேலப்பாளையம் வழியாகச் செல்லும் பாளையங்கால்வாயால் நிரம்பும் குளங்கள் இத்தகைய வாழிடத்துக்கு எடுத்துக்காட்டாகும். நீர் வற்றும்போது இலைகள் கருகிவிடும். கிழங்கு சேற்றினுள் உறங்கி, மழைக்குப்பின் மீண்டும் துளிர்க்கும்.

இலக்கியத்தில்

ஔவையாரின் மூதுரை, குளம் வற்றியதும் பறந்துவிடும் பறவைகளுக்கு மாறாக, அங்கேயே தங்கிவிடும் கொட்டி, ஆம்பல், நெய்தல் ஆகியவற்றை உண்மையான உறவுக்கு உவமையாக்குகிறது. இவ்வுவமை தாவரத்தின் இயல்புக்குப் பொருந்துவதாகும்.

பயன்களும் அச்சுறுத்தல்களும்

கிழங்கு அவித்து உண்ணப்படுகிறது. இத்தாவரம் மீன்தொட்டிகளிலும் வளர்க்கப்படுகிறது.

வறட்சியைத் தாங்கும் கொட்டி, வாழிடம் அழிவதைத் தாங்காது. குளங்களை மூடிக் கட்டடம் எழுப்புதல், கழிவுநீர் கலத்தல், தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத்தாமரை (நெல்லை வழக்கில் அமலைச்செடி) நீர்ப்பரப்பை மூடி ஒளியைத் தடுத்தல் ஆகியவற்றால் உள்ளூர் அளவில் இது மறையக்கூடும். தூர்வாரும்போது குளத்தின் ஆழமற்ற ஓரங்களை முழுவதும் வெட்டியெடுத்தால் கிழங்குகளும் மண்ணோடு அகன்றுவிடும். ஓரத்தில் ஒரு பகுதியை விட்டுவைப்பது மீண்டும் முளைக்க வழிசெய்யும்.