சலான் புத்தகமும் சூப்பர் கம்ப்யூட்டரும்



போன வாரம் லேபில் நான் எழுதிய புரோகிராம் அரை மணி நேரம் அசையாமல் நின்றது. பிழை என்று எதுவும் திரையில் வரவில்லை. இரண்டு கம்ப்யூட்டர்கள் ஒன்றுக்கொன்று தகவல் அனுப்பிக் கணக்குப் போட வேண்டும், அவ்வளவுதான். இரண்டும் சும்மா உட்கார்ந்திருந்தன. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். அதைத் தேடப் போய்த்தான் இந்த வரலாறு கிடைத்தது. தேர்வுக்கு வராது, ஆனால் சுவாரசியமானது :-)

முதலில் நம்ம ஊர்க் கதை. அவிநாசியில் என் மாமா சின்னதாக ஒரு தையல் யூனிட் வைத்திருக்கிறார். ஒரு டி-சர்ட் ஒரே கூரைக்குக் கீழே உருவாவதில்லை என்பது இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். நிட்டிங் ஒரு இடம், டையிங் ஒரு இடம், காம்பாக்டிங் இன்னொரு இடம், பிறகு கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங். ஒவ்வொருவருக்கும் தனி குடோன், தனி ஆட்கள். ஒருவர் குடோனில் இருக்கும் துணியை இன்னொருவர் நேராகப் போய் எடுத்துவிட முடியாது. சலான் போட்டு வண்டியில் ஏற்றினால்தான் வரும்.

பெரிய கணக்குகளைப் போடும் இன்றைய சூப்பர் கம்ப்யூட்டர்களும் இப்படித்தான் வேலை செய்கின்றன. எல்லாப் பிராசசர்களும் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொண்டால் வசதிதான். ஆனால் எண்ணிக்கை கூடக் கூட ஒரே வாசலில் கூட்டம் நெரியும். அதனால் ஒவ்வொரு கணுவுக்கும் தனி நினைவகம் கொடுத்து, வேண்டியதைச் செய்தியாக அனுப்பிக்கொள்ளச் சொன்னார்கள். 1978ல் டோனி ஹோர் எழுதிய ஒரு கட்டுரை இதற்குத் தெளிவான அடித்தளம் போட்டது. அவருடைய முறையில் அனுப்புபவர், வாங்குபவர் இருவரும் தயாராக இருந்தால்தான் செய்தி கை மாறும். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கால்டெக்கில் சார்லஸ் சைட்ஸ், ஜெஃப்ரி ஃபாக்ஸ் குழுவினர் 64 கணுக்களை இணைத்து 'காஸ்மிக் கியூப்' என்ற இயந்திரத்தைக் கட்டி, இது நடக்கும் என்று காட்டினார்கள்.

அதே காலத்தில் பிரிட்டனின் இன்மாஸ் நிறுவனம் 'டிரான்ஸ்பியூட்டர்' என்ற சிப்பைக் கொண்டுவந்தது. ஒரு சிப்புக்குள்ளேயே பிராசசர், கொஞ்சம் நினைவகம், பக்கத்துச் சிப்புகளோடு பேச நான்கு இணைப்புகள். நான்கு வாசல் உள்ள குடோன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்காகவே உருவான ஆக்கம் என்ற மொழி ஹோரின் கருத்துகளின் மேல் கட்டப்பட்டது.

இனி இந்தியா. 1980களில் பருவமழையை முன்கூட்டிக் கணிக்க நமக்கு ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் தேவைப்பட்டது. அமெரிக்காவின் கிரே நிறுவனத்து இயந்திரத்தைக் கேட்டோம். அணு ஆயுதம், ஏவுகணை ஆராய்ச்சிக்குப் போய்விடுமோ என்ற பயம் அவர்களுக்கு. நீண்ட இழுபறிக்குப் பிறகு, கேட்டதைவிடத் திறன் குறைந்த கிரே எக்ஸ்-எம்பி 14தான் டெல்லிக்கு வந்தது, அதுவும் கட்டுப்பாடுகளோடு. மழைக் கணிப்புக்கு வந்த இயந்திரத்தை நம் விஞ்ஞானிகள் நினைத்த வேலைக்கெல்லாம் பயன்படுத்த முடியாது.

1988ல் புனேயில் சி-டாக் தொடங்கப்பட்டது. விஜய் பட்கர் தலைமை. கிரே மாதிரி அதிவேகப் பிராசசரை நாமே உருவாக்குவது உடனே நடக்கிற காரியமில்லை. ஆனால் கடையில் கிடைக்கும் சிப்புகளை நிறைய வாங்கி, அவற்றை ஒன்றோடொன்று பேச வைக்க முடியும். 1991ல் டி-800 டிரான்ஸ்பியூட்டர்களைக் கொண்டு பரம் 8000 தயாரானது. பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வகம் அதற்கு முன்பே, 1986ல், ஃபுளோசால்வர் என்ற இணை கம்ப்யூட்டரைக் கட்டியிருந்தது. பார்க் நிறுவனம் அனுபம் என்ற வரிசையைத் தொடங்கியது. பெரிய மில் வைக்கப் பணம் இல்லாதவர்கள் நாலு பவர்டேபிள் போட்டு, ஜாப் ஒர்க் எடுத்து வளர்ந்த திருப்பூர்க் கதையைப் போலத்தான் எனக்கு இது தோன்றுகிறது.

ஒரு சிக்கல் இருந்தது. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் செய்தி அனுப்பும் முறை வேறு வேறு. ஒன்றுக்கு எழுதிய புரோகிராம் இன்னொன்றில் ஓடாது. ஊருக்கு ஒரு சலான், அடுத்த ஊரில் செல்லாது என்றால் எப்படி இருக்கும்? 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் வில்லியம்ஸ்பர்க்கில் இதைப் பேசக் கூடினார்கள். சுமார் 40 நிறுவனங்களைச் சேர்ந்த 60 பேர் வரை இந்த முயற்சியில் பங்கெடுத்தார்கள். 1994ல் எம்பிஐ என்ற பொது விதிமுறை வெளியானது. நூற்றுக்கும் மேற்பட்ட கட்டளைகள் இருந்தாலும் ஆறு தெரிந்தால் ஒரு முழுப் புரோகிராம் எழுதிவிடலாம்: தொடங்கு, முடி, மொத்தம் எத்தனை பேர், என் எண் என்ன, அனுப்பு, வாங்கு.

அதே விதிமுறையில் ஒரு அழகான விஷயம் 'பேரியர்'. எல்லாக் கணுக்களும் வந்து சேரும் வரை யாரும் அடுத்த அடி வைக்கக்கூடாது. நம்ம ஊர்த் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் வடம் பிடித்த பிறகுதான் இழுப்பு.

பொது விதிமுறை வந்ததும், சாதாரணக் கம்ப்யூட்டர்களை வாங்கி இணைத்தே பெரிய வேலை பார்க்கும் வழி எல்லோருக்கும் திறந்தது. சென்னை தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனம் 144 கணுக்களை இணைத்துக் 'கப்ரு' என்ற கிளஸ்டரைக் கட்டியது. கணுவுக்கு இரண்டு ஜியான் பிராசசர்கள். 2004ல் உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர் பட்டியலில் அது இடம்பிடித்தது. அணுக்கருவுக்குள் இருக்கும் குவார்க்குகளைப் பற்றிய கணக்குகள்தான் முக்கிய வேலை. வெளியையும் காலத்தையும் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஆளுக்கு ஒரு பகுதி. ஓரத்துக் கட்டங்களின் மதிப்பு மட்டும் பக்கத்துக் கணுவிடமிருந்து வர வேண்டும். அது தாமதமானால் பிராசசர் எவ்வளவு வேகமாக இருந்தும் பயன் இல்லை.

2022ல் திருச்சி என்ஐடியில் பரம் பொருள் வந்தது. 838 டெராஃபிளாப்ஸ். கப்ருவின் உச்ச வேகத்தைப் போல ஏறக்குறைய 600 மடங்கு. ஆனால் உள்ளே கணுக்கள் பேசிக்கொள்வது இன்றும் அதே அனுப்பு, வாங்கு முறையில்தான்.

சரி, என் புரோகிராமுக்கு வருவோம். இரண்டு கம்ப்யூட்டர்களிலும் முதல் வரியில் 'வாங்கு' என்றும், அடுத்த வரியில் 'அனுப்பு' என்றும் எழுதியிருந்தேன். இது அது அனுப்பட்டும் என்று காத்திருந்தது, அது இது அனுப்பட்டும் என்று காத்திருந்தது. ஆங்கிலத்தில் டெட்லாக் என்பார்கள்.

மாமாவிடம் சொன்னபோது சிரித்தார். அவருக்கு இது பழைய கதை. ஒரு முறை காலர் வந்தால்தான் சாம்பிள் தைத்து அனுப்புவேன் என்று இவர். சாம்பிளைப் பார்த்து ஷேட் முடிவு செய்த பிறகுதான் காலர் போடுவேன் என்று காலர்காரர். நாலு நாள் போச்சு. கப்பலில் போக வேண்டிய சரக்கு விமானத்தில் போனது, செலவு மாமா தலையில். அந்த வருடம் அத்தையின் நகை அடகுக்குப் போனது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"ரெண்டு பேரும் நீ மொதல்ல, நீ மொதல்லன்னு உக்காந்தா, கன்டெய்னர் நமக்காகக் காத்திருக்குமா சாமி? யாராச்சும் ஒருத்தன் மொதல்ல அனுப்போணும். அது யாருன்னு வேலையத் தொடங்கறதுக்கு முன்னாடியே பேசிப்போடோணும்" என்றார்.

மறுநாள் லேபில் ஒரே ஒரு மாற்றம் செய்தேன். பூஜ்யம் எண்ணுள்ள கணு முதலில் அனுப்பட்டும், ஒன்றாம் எண் முதலில் வாங்கட்டும். ஓடிவிட்டது :-)

எம்பிஐ கூடிப் பேசிய அந்த 60 பேரும் செய்தது இதைத்தான் என்று நினைக்கிறேன். வேலையைத் தொடங்கும் முன்பே பேசி வைத்துக்கொண்டார்கள்.