முத்துக்குளித்துறையின் வரலாற்றை யார் சொல்வது?

அருங்காட்சியகத்தில் வைக்கப்படும் மக்களுக்கே தம் கதையைச் சொல்லும் உரிமை உண்டு என்பது இன்று உலகளவில் வலுப்பெற்றுவரும் கோட்பாடு. அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டுச் சட்டம், பூர்வகுடிகளின் உடல் எச்சங்களையும் புனிதப் பொருள்களையும் அவர்களிடமே திருப்பித் தர வழிசெய்தது. கனடாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், பூர்வகுடிகள் உரிமை குறித்த ஐ.நா. பிரகடனத்தின் (2007) அடிப்படையில் அருங்காட்சியகக் கொள்கைகளை மறுஆய்வு செய்யுமாறு 2015இல் கோரியது. நம் மண்ணில் இதே கேள்வி சாதியின் வழியாக எழுகிறது.

ஆதிச்சநல்லூர்

தூத்துக்குடி மாவட்டத்தின் இத்தாழிக்காட்டை 1876இல் ஜெர்மானியரான யாகோர் அகழ்ந்தார். பொருள்கள் பெர்லினுக்குச் சென்றன. பின்னர் அலெக்சாண்டர் ரீ கண்டெடுத்தவை சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தன. 2020ஆம் ஆண்டு ஒன்றிய நிதிநிலை அறிக்கையில் அருங்காட்சியகம் அறிவிக்கப்பட்டு, 2023 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. அகழாய்வுக் குழிகளைக் கண்ணாடித் தளத்தின் வழியே காணும் களக் காட்சியகமும் அன்று திறக்கப்பட்டது. இங்கு ஓர் எச்சரிக்கை தேவை: முதுமக்கள் தாழி எந்தச் சாதியின் பட்டாவும் அன்று. தலித் மக்கள் கோருவது தாழியின் மீதான உரிமையை அன்று. வரலாற்றைத் தீர்மானிக்கும் மேசையில் ஓர் இருக்கையை.

கொற்கை முதல் துறைமுகம் வரை

கொற்கையின் முத்துகளைப் புகழாதார் இல்லை. ஆயின், அங்கு முத்தெடுத்தோர் தண்டனைக் கைதிகள் என்று கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடற்பயண நூலான பெரிப்ளூஸ் குறிப்பிடுகிறது. முத்தின் பளபளப்புக்குப் பின்னால் உழைப்பின் வரலாறும் கட்டாயத்தின் வரலாறும் உள்ளன. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. மூச்சடக்கி மூழ்கியோரின் நினைவுகளைப் பதிவுசெய்வதற்கான காலம் குறைந்துகொண்டே வருகிறது.

இதே துறைமுகத்தின் வழியாகத்தான் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகள் கப்பலேறினர். அவர்களில் பெரும் பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதியினர். இலங்கையின் கம்பளை அருகே தோட்டத் தொழிலாளர்களுக்கென ஓர் அருங்காட்சியகம் இயங்குகிறது. அவர்கள் புறப்பட்ட கரையிலும் அப்பயணத்தின் கதை சொல்லப்பட வேண்டும்.

நினைவே மோதலாகும்போது

1995 ஆகஸ்ட் 31இல் கொடியன்குளத்தில் காவல்துறை தலித் மக்களின் வீடுகளையும் உடைமைகளையும் சூறையாடியது. 1997இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டபோது கலவரம் மூண்டது. முடிவில் போக்குவரத்துக் கழகங்களோடு மாவட்டங்களின் பெயர்களிலிருந்தும் தலைவர்கள் பெயர் நீக்கப்பட்டது. சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி மாவட்டமாயிற்று. ஒரு தலித் வீரரின் பெயரைப் பொறுக்க இயலாத சமூகத்தில், எல்லாப் பெயர்களையும் அழிப்பதே சமரசம் எனப்பட்டது. இது நல்லிணக்கம் அன்று, மௌனம். நல்லிணக்கம் உண்மையைச் சொல்வதில் தொடங்குகிறது.

என்ன செய்யலாம்?

அரசமைப்பின் 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. அதன் உணர்வு காட்சிப் பலகைகளிலும் இருத்தல் வேண்டும். காட்சியுரைகளை எழுதியோர் யார், ஆலோசனைக் குழுவில் உள்ளூர்த் தலித் மக்களும் மீனவர்களும் இடம்பெற்றுள்ளனரா என்பதைத் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் (2005) கீழ் எந்தக் குடிமகனும் கேட்கலாம். மாணவர்கள் தம் ஊர் முதியோரின் வாய்மொழி வரலாற்றை, அவர்தம் ஒப்புதலுடன், ஒலிப்பதிவு செய்து வைக்கலாம். நாளை ஒரு காட்சிக்கூடம் திறக்கப்படும்போது, 'சான்று எங்கே?' என்ற கேள்விக்கு அதுவே விடையாகும்.