முப்பது ஷில்லிங்

1773 ஜனவரியில், மாஸாசூஸெட்ஸைச் சேர்ந்த ஷெப்பீல்டு ஊரில், கர்னல் ஜான் ஆஷ்லியின் வீட்டில் பதினொரு கனவான்கள் கூடினார்கள். மனிதர் அனைவரும் சமமானவர்கள், சுதந்திரர்கள் என்று தீர்மானம் எழுதினார்கள். அவர்களில் ஒருவர் இருபத்தாறு வயது வக்கீல் தியோடர் செட்ஜ்விக். சமத்துவம் எழுதப்பட்ட அந்த வீட்டிலேயே பெட் என்ற நீக்ரோப் பெண் அடிமையாக இருந்தாள்!

ஒரு நாள் ஆஷ்லியின் மனைவி, பழுக்கக் காய்ந்திருந்த தணல் கரண்டியை ஓர் அடிமைச் சிறுமியின் மேல் ஓங்கினாள். பெட் குறுக்கே கையை நீட்டினாள். காயம் எலும்பு வரை போயிற்று. அந்தக் கையை அவள் மூடி மறைக்கவே இல்லை. எப்படி நேர்ந்தது என்று எவராவது கேட்டால், எசமானியைக் கேட்கச் சொன்னாளாம். நான் எழுதிய எந்தக் கதாநாயகிக்கும் இவ்வளவு துணிச்சலைக் கொடுத்ததில்லை.

1780-ல் அந்த ராஜ்யத்தின் அரசியல் சட்டம் வந்தது. மனிதர் யாவரும் பிறப்பால் சுதந்திரர் என்றது அதன் முதல் ஷரத்து. அந்த 'யாவரும்' என்ற சொல்லில் தானும் அடக்கந்தானே என்று பெட் செட்ஜ்விக்கிடம் போய்க் கேட்டாள். பழைய நண்பர் ஆஷ்லிக்கு எதிராக வக்கீல் வழக்கை எடுத்துக்கொண்டார். ப்ரோம் என்ற இன்னோர் அடிமையும் வாதியாகச் சேர்ந்தான். 1781-ல் கிரேட் பாரிங்டன் கோர்ட்டில் ஜூரிகள் இருவரையும் விடுவித்து, நஷ்ட ஈடாக முப்பது ஷில்லிங்கும் கொடுக்கச் சொன்னார்கள். ஆஷ்லி அப்பீல் செய்தார். பிறகு தாமே கைவிட்டார். கூலி தருகிறேன், திரும்பி வா என்று கூப்பிட்டும் பார்த்தார். அவள் போகவில்லை. எலிசபெத் ஃப்ரீமன் என்று பெயர் சூட்டிக்கொண்டு, செட்ஜ்விக் வீட்டில் சம்பளத்துக்கு அமர்ந்தாள்.

வக்கீல் உயர்ந்துகொண்டே போனார். காங்கிரஸ் அங்கத்தினர், செனட்டர், 1799 முதல் 1801 வரை பிரதிநிதி சபையின் சபாநாயகர், அதன் பின் மாகாணத்தின் உச்ச நீதிபதிகளில் ஒருவர். இதில் ஒன்றுதான் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. ஓடிப்போன அடிமைகளைப் பிடித்து ஒப்படைப்பது பற்றி மசோதா தயாரிக்க 1791-ல் சபை நியமித்த கமிட்டியில் இவரும் இருந்தார். முப்பது ஷில்லிங் வாங்கிக் கொடுத்தவரா இதைச் செய்தார்? பதவியில் ஏறிய மனிதர்களைப் பற்றி நாவல் எழுதுகிறவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது.

1787-ல், ஷேய்ஸ் கலகத்தின்போது, கலகக்காரர்கள் ஸ்டாக்பிரிட்ஜில் உள்ள அவர் வீட்டில் புகுந்தார்கள். எசமான் ஊரில் இல்லை. எலிசபெத் வெள்ளிப் பாத்திரங்களைத் தன் சொந்தப் பெட்டியில் ஒளித்து வைத்துக் காப்பாற்றினாள். இதையெல்லாம் பிற்பாடு எழுதி வைத்தவள் வக்கீலின் மகள் காதரின். அவளும் ஒரு நாவலாசிரியை. எலிசபெத் சம்பளத்தைச் சேர்த்துச் சொந்தமாக வீடு வாங்கினாள். 1829-ல் இறந்தபோது செட்ஜ்விக் குடும்பத்தின் கல்லறை வளாகத்தில் அவளை அடக்கம் செய்தார்கள்.