ரிசல்ட் வரட்டும்னு இருந்தா அலைச்சல்தான்! பிளஸ்-2 மாணவர்கள் முன்கூட்டியே வாங்க வேண்டிய சான்றிதழ்கள்

திருவண்ணாமலை:

பிளஸ்-2 ரிசல்ட் வந்த பிறகு காலேஜ் பற்றி பார்த்துக்கலாம் என்று இருப்பது பல வீடுகளில் வழக்கம். மார்க் இருந்தும் சான்றிதழ் கையில் இல்லாமல் தாலுகா ஆபீசில் நிற்பவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான்.

2025-ம் ஆண்டையே எடுத்துக்கொள்ளலாம். மே 7-ந்தேதி அரசு கலைக்கல்லூரிக்கும், என்ஜினீயரிங்குக்கும் ஆன்லைன் விண்ணப்பம் தொடங்கியது. மறுநாளே ரிசல்ட். மே 11, 12-ந்தேதிகளில் சித்ரா பவுர்ணமி. கிரிவலத்துக்கு லட்சக்கணக்கில் கூட்டம் வரும்போது பஸ்கள் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடும். செங்கத்தில் இருந்தோ, தண்டராம்பட்டில் இருந்தோ ஒரு கையெழுத்துக்காக வந்து போவது லேசான காரியமா? கலைக்கல்லூரிக்கு கடைசி நாள் மே 27.

சாதி, வருமானம், இருப்பிட சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் தலா ரூ.60 கட்டணம். சாதி சான்றிதழை ஒருமுறை வாங்கினால் போதும். வருமான சான்றிதழ் அப்படி இல்லை, பழசை நீட்டினால் செல்லாது.

ஜவ்வாதுமலை மாணவர்கள்தான் அதிகம் உஷாராக இருக்க வேண்டும். பழங்குடியினர் சான்றிதழை தாசில்தார் தர முடியாது. விசாரணை முடிந்து ஆர்.டி.ஓ. கையெழுத்து போட வேண்டும். இதற்கு நாள் பிடிக்கும். பிளஸ்-1 படிக்கும்போதே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

வீட்டில் இதுவரை யாரும் டிகிரி முடிக்கவில்லையா? முதல் பட்டதாரி சான்றிதழ் இருந்தால் என்ஜினீயரிங் கவுன்சிலிங்கில் கல்விக்கட்டண சலுகை உண்டு. பலர் இதை சீட் கிடைத்த பிறகுதான் தேடுகிறார்கள்.

6-ம் வகுப்பு முதல் பிளஸ்-2 வரை அரசு பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், என்ஜினீயரிங், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. இடையில் பள்ளி மாறியவர்கள், எந்தெந்த பள்ளியில் படித்தோம் என்பதற்கு அந்தந்த தலைமை ஆசிரியரிடம் சான்று வாங்க வேண்டும். கோடை லீவு விட்டுவிட்டால் அவரை பிடிப்பது கஷ்டம். கல்லூரியில் சேர்ந்த பிறகு புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் ரூ.1,000 வாங்கவும் இந்த பள்ளி விவரம்தான் முக்கியம்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் பெரிய தலைவலி: பெயர். ஆதாரில் ஒரு இனிஷியல், 10-ம் வகுப்பு மார்க் ஷீட்டில் வேறு இனிஷியல் இருந்தால் இப்போதே திருத்திவிடுங்கள். ஸ்காலர்ஷிப் பணம் ஆதார் இணைத்த வங்கி கணக்குக்குத்தான் வரும்.

வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் அரசு கலைக்கல்லூரியில் உள்ள உதவி மையத்திலேயே விண்ணப்பிக்கலாம்.