மேசைப் போர்க்களத்து டிராகன்

மேசைமேல் பொம்மைப் படைகளை அணிவகுத்து விதிகளின்படி போரிடும் விளையாட்டு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பொழுதுபோக்காக வேரூன்றியது. வில்லியம் பிரிட்டன் நிறுவனம் 1893 முதல் உள்ளீடற்ற ஈயச் சிப்பாய்களை வார்த்து மலிவாக விற்றது. அவற்றைக் கொண்டு ஆடுவதற்கான விதிகளை எச். ஜி. வெல்ஸ் 1913இல் 'லிட்டில் வார்ஸ்' என்ற நூலில் வகுத்தார். அக்களத்தில் காலாட்படையும் குதிரைப்படையும் பீரங்கியும் இருந்தன. டிராகனுக்கு அங்கே இடமில்லை.

அந்த இடத்தை அமெரிக்காவில் 1971இல் வெளிவந்த 'செயின்மெயில்' அளித்தது. கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெர்ரனும் எழுதிய இந்த இடைக்காலப் போர் விதிநூலின் பின்னிணைப்பில் மந்திரவாதிகள், பூதங்களுடன் நெருப்புமிழும் டிராகனும் வந்தது. விதி வந்தபோதும் அதற்கேற்ற பொம்மை கடைகளில் கிடைக்கவில்லை. கைகாக்ஸ் ஒரு பிளாஸ்டிக் ஸ்டெகோசாரஸ் பொம்மையைத் திருத்தி டிராகனாக்கிக்கொண்டார். வேண்டிய உருவம் கிடைக்காததால் வேறொன்றை மாற்றிக்கொள்ளும் தேவையே உருவங்களை மாற்றியமைக்கும் கலைக்கு வித்திட்டது.

1974இல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பாத்திரமேற்கும் ஆட்டம் வந்தபின் கற்பனை உருவங்களுக்குச் சந்தை பெருகியது. அமெரிக்காவில் ரால் பார்த்தா நிறுவனமும் இங்கிலாந்தில் சிட்டாடல் நிறுவனமும் ஈயக் கலவையை, சுழலும் ரப்பர் அச்சுகளில் ஊற்றி உருவங்களை வார்த்தன. ரப்பர் அச்சுக்குச் செலவு குறைவு என்பதால் சிறு நிறுவனங்களும் புதுப்புது உருவங்களை வெளியிட முடிந்தது. ஆனால் உலோக டிராகன் கனமானது. தனித்தனியாக வார்த்த இறக்கைகளைப் பசை மட்டும் தாங்காது. ஆகவே மூட்டின் இருபுறமும் துளையிட்டுப் பித்தளைக் கம்பி செருகி ஒட்டும் வழக்கம் வந்தது. கழுத்தை அறுத்துத் திருப்பவும் வேறு தலையைப் பொருத்தவும் இதே முறை பயன்பட்டது. இடைவெளிகளை 'கிரீன் ஸ்டஃப்' எனப்படும் இருபகுதி எப்பாக்சி புட்டியால் அடைத்து, அது இறுகுமுன் செதில்களை வரைந்தார்கள்.

1983இல் வெளியான 'வார்ஹாமர்' பெரும் படைகள் மோதும் ஆட்டம். அதில் டிராகன் படைத்தலைவனின் ஊர்தியாகவும் வந்தது. தலைவன் ஏந்தும் ஆயுதமும் அவனுடைய படையின் அடையாளமும் உருவத்தில் தெரிய வேண்டும் என்று ஆட்டக்காரர்கள் விரும்பியதால், ஒரே டிராகன் பல வடிவங்களுக்கு மாறியது. அதன் பீடம் பெரும்பாலும் 50 மி.மீ. சதுரமாகவே இருந்தது. இறக்கைகள் பக்கத்துப் படைவரிசையில் இடிக்காதபடி, தக்கையால் பாறை அமைத்து உருவத்தை உயர்த்துவதும் மாற்றத்தின் ஒரு பகுதியாயிற்று.

வண்ணம் பூசும் முறையும் மாறியது. எண்ணெய் சார்ந்த எனாமல் வண்ணங்களின் இடத்தை, நீரில் கரைந்து விரைவில் உலரும் அக்ரிலிக் வண்ணங்கள் பிடித்தன. செதில் நிறைந்த உடலுக்கு ஏற்ற வரிசை ஒன்று நிலைபெற்றது. அடிப்பூச்சின்மேல் முதன்மை நிறம். அதன்மேல் நீர்த்த கருநிறக் கரைசல், அது செதில் இடுக்குகளில் தேங்கி நிழலாகும். பின்னர் ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் வெளிர்நிறத்தைத் தடவினால் மேடுகள் மட்டும் ஒளிபெறும். இறக்கைச் சவ்வு பரந்த பரப்பாதலால் இம்முறை அங்கே கரடுமுரடாகத் தெரியும். அதற்கு மெல்லிய பூச்சுகளை அடுக்கி நிறத்தைச் சிறிது சிறிதாக மாற்ற வேண்டும். 1987இல் கேம்ஸ் வொர்க்ஷாப் நிறுவனம் தொடங்கிய 'கோல்டன் டீமன்' போட்டி இத்திறமையைத் தனிக்கலையாகவே பரிசளித்துப் போற்றியது.

1990களில் நச்சுத்தன்மை கருதி ஈயம் கைவிடப்பட்டது. அடுத்து, எஃகு அச்சில் வார்க்கும் பாலிஸ்டைரின் பிளாஸ்டிக் பரவியது. எடை குறைந்ததால் கம்பி செருகும் தேவையும் குறைந்தது; கத்தியாலேயே அறுத்துக் கரைப்பான் பசையால் ஒட்டலாம். பெட்டிக்குள்ளேயே மாற்றுத் தலைகளும் கொம்புகளும் வந்தன. இன்று முப்பரிமாண அச்சு இயந்திரம் வேண்டிய உறுப்பை வீட்டிலேயே உருவாக்கித் தருகிறது. ஆயத்த டிராகன்கள் தாராளமாகக் கிடைத்தபோதும் மாற்றும் பழக்கம் ஓயவில்லை; இல்லாததை ஈடுகட்டத் தொடங்கிய வேலை, பிறருடைய படையிலிருந்து தன் படையை வேறுபடுத்திக் காட்டும் வழியாக நிலைத்துவிட்டது.