உளுந்து வேரில் ஒரு முடிச்சு

நாலு வருசத்துக்கு முந்தி, தாளடி அறுப்புக்கு ஒரு வாரம் இருக்கையில் தெளிச்ச உளுந்து சோடையா வந்துச்சு. மணி சிறுத்துப்போய், விதைக்குன்னு எடுத்து வைக்கவே மனசு வரலை. ரைசோபியம் கலந்துதான் தெளிச்சேன். தப்பு என்னோடது. கஞ்சியில் கலந்த விதையை நிழல்ல உலர்த்தணும். தெளிக்க ஆள் வந்துட்டாங்கன்னு அவசரத்துல களத்து வெயில்ல கொட்டிட்டேன். அந்த வருசம் ஈரமும் சீக்கிரம் காஞ்சது, அதையும் மறைக்கக் கூடாது. ஆனா செடியைப் பிடுங்கிப் பார்த்தா வேர்ல ஒண்ணு ரெண்டு முடிச்சுதான். நகத்தால கிள்ளினா உள்ளே வெளுத்திருந்தது. வேலை செய்யற முடிச்சு உள்ளே இளஞ்சிவப்பா இருக்கும்.

பொட்டலத்துக்குள்ள இருக்கறது உசுருள்ள கிருமின்னு அப்பத்தான் உறைச்சது. அதோட கதையைத் தேடிப் படிச்சேன்.

பயறு போட்ட வயல்ல அடுத்த வெள்ளாமை நல்லா வரும்ங்கறது என் தாத்தாவுக்கும் தெரியும், ரோமாபுரிக் குடியானவனுக்கும் தெரிஞ்சிருக்கு. ஏன்னுதான் யாருக்கும் புரியலை. ஜெர்மனியில் ஹெல்ரீகல், வில்ஃபார்த்னு ரெண்டு பேர் மணல்ல ஓட்ஸும் பட்டாணியும் வளர்த்தாங்க. தழைச்சத்து போட்ட அளவுக்குத் தக்கபடி ஓட்ஸ் வளர்ந்தது. பட்டாணி மட்டும் கணக்குக்கு அடங்கலை. கிருமி நீக்கின மணல்ல வாடிக் கிடந்த பட்டாணிக்கு வயல் மண்ணைக் கரைச்ச தண்ணியைக் கொஞ்சம் ஊத்தினதும், வேர் முடிச்சு விட்டு செடி பச்சை பிடிச்சது. அதே தண்ணியைக் கொதிக்க வச்சு ஊத்தினா ஒண்ணும் நடக்கலை. 1886ல் பெர்லின்ல இதைச் சொன்னாங்க. கொதிக்க வச்ச தண்ணியும் என் களத்து வெயிலும் ஒண்ணுதானே!

1888ல் ஹாலந்துக்காரர் பெய்ஜெரிங்க் அந்தக் கிருமியைத் தனியா பிரிச்செடுத்தார். 1896ல் நோபே, ஹில்ட்னர் ரெண்டு பேரும் காப்புரிமை வாங்கி, 'நைட்ரஜின்'னு பேர் வச்சு வித்தாங்க. பயறுக்குப் பயறு தனி வளர்ப்பு. அமெரிக்காவில் பழைய வயல் மண்ணையே அள்ளி புது வயல்ல போட்டிருக்காங்க. வண்டி வண்டியா மண்ணு சுமந்த அந்த ஜனங்களை நினைச்சா, நமக்கு எக்டேருக்கு 200 கிராம் பொட்டலம் மூணு போதும்ங்கறது பெரிய விசயம்.

இப்ப பூஞ்சாண மருந்தை 24 மணி நேரத்துக்கு முன்னாடியே கலந்துடறேன். ஆறின கஞ்சியில் ரைசோபியம், அப்புறம் திண்ணை நிழல்ல அரை மணி. ஆள் வந்தா காத்திருக்கட்டும், காப்பி கொடுத்துக்கலாம்.

இந்த வருசம் விதைக்கு 40 கிலோ எடுத்து வச்சிருக்கேன். வண்டு விழாம காபந்து பண்றதை இன்னொரு நாள் எழுதறேன்.